ஏணி ஏறத் தெரிந்தவர்

வாதி இளம் வயதிலிருந்தே ஏணி ஏறிப் பழகியவர். எந்த ஏணி நிற்கும், எது சறுக்கும் என்று அறிந்தவர். அறிந்தும் ஏறி விழுந்ததால் விபத்துக்கு அவரே முழுப் பொறுப்பு. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த தற்காப்பு வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

தொழில் விபத்து வழக்குகளில் இந்த வாதம் பல உருவங்களில் வரும். லாரியில் மூட்டை ஏற்றுபவர் விழுந்தால் ‘இருபது வருஷ அனுபவம்’ என்பார்கள். செம்பனைக் குலை தலையில் விழுந்தால் ‘அவருக்குத் தெரியாத வேலையா’ என்பார்கள். சுங்காயில் கடைவீட்டு மாடியின் கண்ணாடி ஜன்னலைத் துடைக்க ஏறி விழுந்த ஒருவரின் வழக்கில்தான் அந்த வாதத்தை அடிவரை தோண்டிப் பார்க்கும் அவசியம் எனக்கு ஏற்பட்டது. 2019-க்கு முன் முடிந்த வழக்கு. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததையும் சட்டத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

சுங்காய், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே பழைய கூட்டரசு சாலையில் இருக்கும் சிறு பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டம். பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தினமும் விடியற்காலையில் மரம் மரமாகப் போய் வெட்டுவதற்குத் தேவைப்பட்ட அத்தனை ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. லயங்களை விட்டு வெளியேறியவர்கள் தாமான்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறி, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி, கடை என்று எங்கெல்லாம் துப்புரவு வேலை குத்தகைக்கு விடப்பட்டதோ அங்கெல்லாம் நம்மவர்கள் போனார்கள். தோட்டத்தில் அடிபட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரியும். துரை இருப்பார், கிராணி இருப்பார், சங்கத்துக்காரர் இருப்பார். குத்தகை வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி யார் என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

என் கட்சிக்காரருக்கு அப்போது வயது 47. இளைஞராக இருந்தபோது பால்மரம் வெட்டியவர். மறுநடவுக்கு முன் கிழட்டு மரங்களில் பட்டையின் மேல்பகுதியை ஏணி வைத்து வெட்டுவார்கள். அந்த வேலையும் பார்த்தவர். தோட்டம் மாறியபின் வேன் ஒன்றை மட்டும் மூலதனமாக வைத்திருந்த ஒரு துப்புரவுக் குத்தகையாளரிடம் சேர்ந்தார். மாதம் 1,200 வெள்ளி கைக்கு வரும். சம்பளச் சீட்டு இல்லை. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டப்படவில்லை.

என்னிடம் முதலில் வந்தவர் அவருடைய மனைவிதான். ஆஸ்பத்திரி அட்டைகளோடு ஒரு தாளையும் நீட்டினார். வார்டில் படுத்திருந்தவரிடம் யாரோ வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதன் நகல். என் சொந்தக் கவனக்குறைவால் விழுந்தேன் என்று மலாயில் இரண்டு வரி.

“லாயர் சார், காசு கெடைக்குதோ இல்லையோ, அவரு தப்புலதான் விழுந்தாருன்னு எழுதி வச்சிருக்காங்க. அத மொதல்ல மாத்தணும்,” என்றார்.

நடந்தது இது. முக்கியச் சாலையில் இரண்டு மாடிக் கடைவீடு. மாடியை ஒரு அலுவலகத்துக்கு வாடகைக்கு விடப்போகிறார்கள். வெளிப்புறக் கண்ணாடியெல்லாம் சுத்தமாக வேண்டும். உள்ளிருந்து கையை நீட்டித் துடைக்கலாம் என்றால், திருடனுக்குப் பயந்து ஜன்னல் முழுக்க இரும்புக் கம்பி அடித்திருந்தது. குத்தகையாளர் காலையில் இரண்டு பேரை இறக்கிவிட்டு, வேறொரு வேலைக்குப் போய்விட்டார். அவர் கொடுத்த மடக்கு ஏணி மாடிக்கு எட்டவில்லை. கட்டட உரிமையாளர் தன் ஸ்டோரிலிருந்து அலுமினிய ஏணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரே நீளமாக 16 அடி. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அடியில் இருக்க வேண்டிய ரப்பர் கட்டைகளில் ஒன்று தேய்ந்து அலுமினியம் தெரிந்தது, மற்றொன்று இல்லவே இல்லை.

இரண்டு ஜன்னல் முடிந்தது. அதுவரை கூட வந்த இளைஞன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவதற்கு ஏணியை நகர்த்தியபோது, பின்கட்டில் பெட்டிகளைத் தூக்கி வைக்க அவனை உரிமையாளர் கூப்பிட்டுக்கொண்டார். “நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்க, பத்து நிமிஷத்துல அனுப்பி விடுறேன்,” என்றும் சொன்னார். என் கட்சிக்காரர் ஒரு கையில் வாளியோடு ஏறினார். மேல்படிக்குப் பக்கத்தில் போனதும் ஏணியின் அடி சாலைப் பக்கம் வழுக்கி ஓடியது. பத்தடிக்கு மேலிருந்து கால்வாய் ஓரத்தில் நின்ற வாக்கில் விழுந்தார். இரண்டு குதிகால் எலும்புகளும் நொறுங்கின. இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு ஒன்றும் உடைந்தது. உயரத்திலிருந்து காலூன்றி விழுபவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வருவதுண்டு என்பதை எலும்பு மருத்துவர்கள் நன்கறிவார்கள். நடக்கிறார், ஆனால் சமமில்லாத தரையில் நிற்க முடியாது, பாரம் தூக்க முடியாது, ஏணியில் இனி ஏறவே முடியாது.

சட்டத்தில் எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒரு வழியில் போனால் மற்றொன்று அடைபடுமா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்று, 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். நாம் சொக்சோ என்பது. இதில் யார் தவறு என்ற கேள்விக்கே இடமில்லை. வேலையின்போது அடிபட்டால் போதும். மருத்துவ விடுப்புக் காலத்துக்குத் தினசரி உதவித்தொகை, ஊனம் நிலைத்துவிட்டால் அதன் அளவுக்கேற்ற உதவித்தொகை. அதற்கு ஈடாகத் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். அதே காயத்துக்காகத் தன் முதலாளி மீது வேறெந்தச் சட்டத்தின் கீழும் இழப்பீடு கேட்க முடியாது என்று 31ஆம் பிரிவு தடுக்கிறது. குத்தகையாளரோ, ‘இவர் என் தொழிலாளியே இல்லை, வேலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சொக்சோ அலுவலகத்தில் மனு கொடுத்தோம். யார் வேனில் அழைத்துப் போனார், யார் வேலை நேரத்தை வகுத்தார், யாருடைய வாளியும் துணியும், விடுப்பு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பார் என்று ஒவ்வொன்றாகச் சாட்சியம் திரட்டினோம். சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம். தொழிலாளியின் உரிமையை அது அழித்துவிடாது. தாமதமானாலும் உதவித்தொகை வந்தது. அந்தக் குடும்பம் உடையாமல் நின்றது அதனால்தான்.

மற்ற வழி, கவனக்குறைவுக்காகச் சிவில் வழக்கு. 31ஆம் பிரிவு முதலாளிக்குத்தான் கேடயம், வெளியாருக்கு இல்லை. ஏணியைக் கொடுத்து, பிடித்திருந்த ஆளை அப்புறப்படுத்திய கட்டட உரிமையாளர் இவருடைய முதலாளி அல்ல. அவர் மீது செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். குத்தகையாளரைத்தான் பிடிக்க வேண்டும் என்றது அவர் தரப்பு. இரண்டு பேரின் தவறு சேர்ந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அடிபட்டவர் அவர்களில் எவரிடமும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்பது பொதுச் சட்டம். அதனால் அந்த வாதம் நிற்கவில்லை.

அடுத்தது, எந்த விதி மீறப்பட்டது என்ற கேள்வி. இது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, அது விதிக்கும் பொதுக் கடமைகளை மீறியதற்காக மட்டும் யாரும் சிவில் இழப்பீடு கோர முடியாது என்கிறது. குற்றவழக்குத் தொடர்வது தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவான ஜே.கே.கே.பி.யின் வேலை. 1970ஆம் ஆண்டின் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிமுறைகளில் 12ஆவது விதி, பத்தடிக்கு மேலிருந்து விழக்கூடிய இடத்தில் ஒருவரை வேலை செய்ய வைத்தால் அவர் பாதுகாப்புக்கு வழி செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அது தொழிற்சாலைக்கான விதி, எங்களுடையது கடைவீடு. உயரத்திலிருந்து விழுவதைத் தடுப்பதற்கென ஜே.கே.கே.பி. 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றும் உண்டு, வழிகாட்டி சட்டமாகாது.

ஆகவே இவற்றை நாங்கள் மீறப்பட்ட சட்டங்களாக முன்வைக்கவில்லை; ஒரு நிதானமான மனிதர் அந்த இடத்தில் எதை யோசித்திருக்க வேண்டும் என்பதற்குச் சான்றுகளாக முன்வைத்தோம். பத்தடி உயரம் ஆபத்தானது என்பதை இந்த நாடு 1970-லேயே எழுதி வைத்திருக்கிறது. யாருக்கும் தெரியாத புது ஞானம் அல்ல அது.

பிறகு லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது, சட்டப் புத்தகத்தின் வழியாக. 1952 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வழக்கு அது. ஜெனரல் கிளீனிங் கான்ட்ராக்டர்ஸ் என்ற நிறுவனத்துக்கும் கிறிஸ்துமஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஜன்னல் துடைக்கும் தொழிலாளிக்கும் நடந்தது. கலிடோனியன் கிளப் என்ற கழகத்தின் ஜன்னலைத் துடைக்க அவர் வெளிப்புற விளிம்பில் நின்றார். ஏணி இல்லை. பாதுகாப்புப் பட்டை இருந்தது. அதை மாட்டக் கட்டடத்தில் கொக்கி இல்லை. மேலும் கீழும் நகரும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் வேலை செய்வார்கள். அந்தச் சட்டம் திடீரென இறங்கி விரலை நசுக்கியது, பிடி விட்டது, விழுந்தார்.

அங்கேயும் இதே வாதம்தான். அனுபவசாலி, அந்த ஆபத்து அவருக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். பிரபுக்கள் ஏற்கவில்லை. வேலை தொடங்குமுன் ஜன்னல் சட்டம் தானாக இறங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இறங்காமல் தடுக்க ஓர் ஆப்பாவது கொடுத்திருக்க வேண்டும். அது முதலாளியின் கடமை என்றார்கள். பிரபு ஓக்ஸி சொன்ன காரணத்தை நான் பல தடவை நீதிமன்றங்களில் எடுத்துரைத்திருக்கிறேன். முதலாளி அமைதியான அறையில், நிபுணர்களின் ஆலோசனையோடு உட்கார்ந்து முடிவெடுக்கிறார். தொழிலாளி குறுகிய விளிம்பில் நின்றபடி முடிவெடுக்கிறார். அதே ஆபத்தைத் தினமும் பார்ப்பதால் அது அவர் கண்ணுக்கு மறைந்தும் போகிறது. பிரபு ரீடும் அதே திசையில் சென்றார்: தெரிந்த ஆபத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு தொழிலின் வழக்கமாகவே ஆகிவிட்டால், அதற்கு மாற்று வழியைத் தனியொரு தொழிலாளிதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரு லண்டன் தீர்ப்பு சுங்காய் வழக்குக்கு எப்படிப் பொருந்தும்? நம் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 3ஆம் பிரிவில், அந்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நடப்பிலிருந்த பொதுச் சட்டத்தை, இங்குள்ள சட்டங்களுக்கும் சூழலுக்கும் உட்பட்டு, தீபகற்ப மலேசியாவுக்கு உரியதாக்கியது. கிறிஸ்துமஸ் தீர்ப்பு அந்தத் தேதிக்கு முந்தியது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூர்மையானவர். அதே தீர்ப்பை எடுத்து என் பக்கமே திருப்பினார். அந்த வழக்கில் கிளப் தப்பித்துவிட்டதே என்றார். உண்மைதான். கிளப் மீதான கோரிக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ஜன்னல் துடைப்பவர் தன் தொழிலுக்கே உரிய ஆபத்துகளைத் தானோ தன் முதலாளியோ பார்த்துக்கொள்ள வேண்டும், கட்டடக்காரர் அல்ல என்பது அதன் அடிப்படை. என் கட்சிக்காரர் வழக்குத் தொடுத்திருப்பதோ கட்டடக்காரர் மீது.

எங்கள் பதில் இது. கிளப் தன் ஜன்னலைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றது. இவர் ஒதுங்கி நிற்கவில்லை. கருவி கொடுத்தார். ஆளைப் பிரித்தார். ஆரம்பிக்கச் சொன்னார். முதலாளி செய்யும் மூன்று காரியங்களைச் செய்தவர், முதலாளி யோசிக்க வேண்டியதை யோசித்திருக்க வேண்டும். கட்டடம் இவருடையது என்பதற்காக இவரைப் பொறுப்பாக்கவில்லை. இவருடைய செய்கைக்காகப் பொறுப்பாக்குகிறோம். இந்த வேறுபாட்டின் மீதுதான் முழு வழக்கும் நின்றது.

அடுத்து, ஏணி ஏன் சறுக்கியது என்று நிரூபிக்க வேண்டும். ஏணி கிடைக்கவில்லை. நாங்கள் கேட்டபோது ஸ்டோரில் புத்தம்புதிதாக ஒன்று இருந்தது. எதிர்க் கடையில் வேலை பார்த்த ஒருவர் ஓடிவந்து உதவுமுன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்திருந்தார். ஒன்றில் ஏணியின் அடிப்பகுதி தெளிவாகத் தெரிந்தது. மற்றொன்றில் தூணும் கால்வாயும் சிமெண்ட் தரையில் ஏணி இழுத்த கோடும் தெரிந்தன. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இடத்துக்கு வந்து அளந்தார்.

பழைய கடைவீடுகளின் அமைப்பு வாசகர்களுக்குத் தெரியும். மாடி, அஞ்சடி எனப்படும் நடைபாதைக்கு மேலே முன்னோக்கி வந்து தூண்வரிசையோடு முடியும். அந்தத் தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் திறந்த கால்வாய். அகலம் 3 அடி. அதற்கப்பால் வண்டி நிறுத்தச் சாலைப் பக்கம் சரிவாகப் பூசிய வழவழப்பான சிமெண்ட். ஜன்னலுக்குக் கீழே ஏணி சாய்ந்த இடம் 14 அடி உயரம்.

உயரம் 4 அடி என்றால் ஏணிக்கால் 1 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணிக்கு உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு இது. 14 அடிக்கு மூன்றரை அடி. அளந்து பார்த்தால் அது கால்வாயின் நடுவில் விழுகிறது. அங்கே ஏணி வைக்கவே முடியாது. கால்வாயை ஒட்டி அப்பால் வைத்தால், 16 அடி ஏணியின் தலை கண்ணாடிமேல் ஏறிவிடும். தலை சுவரில் 14 அடியில் நிற்க வேண்டுமானால் அடி ஏழே முக்கால் அடி தள்ளிப் போயாக வேண்டும். சரியான தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது அந்த ஏணியைக் கையில் கொடுத்த கணமே தவறான சாய்வு முடிவாகிவிட்டது. ஏறியவரின் திறமையால் திருத்தக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை.

“ஏணி மோசம் என்றால் முதல் படியிலேயே சறுக்கியிருக்காதா? மேலே போய் இவர் ஏதோ அசைந்ததால்தானே விழுந்தார்?” என்று எதிர்த்தரப்பு கேட்டது. நல்ல கேள்வி. பொறியாளர் வெள்ளைத்தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஏணியில் ஆள் மேலே போகப்போக, அடியை வெளியே தள்ளும் விசை கூடிக்கொண்டே போகும். நான்குக்கு ஒன்று என்ற சாய்வில் உச்சியில் நிற்பவரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அடியை வெளியே தள்ளும். இந்தச் சாய்வில் பாதிக்கும் மேல். கீழ்ப்படிகளில் உரசல் அதைத் தாங்கிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் வழிந்த சரிவில், ரப்பர் இல்லாத அலுமினியம், பாதிக்கு மேல் ஏறிய பிறகு தாங்காது. ஆபத்தான ஏணி முதல் பத்துப் படிக்கு நல்ல ஏணியைப் போலவே நிற்கும். அனுபவசாலியும் ஏமாறுவது அங்கேதான்.

குறுக்கு விசாரணை தமிழில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார்.

“தோட்டத்தில் ஏணி வைத்து மரம் வெட்டியவர்தானே நீங்கள்?”

“ஆமாங்க.”

“எத்தனையோ ஆயிரம் தடவை ஏறியிருப்பீர்கள். ஏணியைப் பற்றி உங்களுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?”

“அந்த ஏணி வேறங்க. உயரம் கம்மி. கட்டையோட கால் மண்ணுல ஊனிக்கும், மரத்துல சாச்சா அசையாது. மழை பேஞ்சு ஈரமா இருந்தா மண்டோரே ஏற விடமாட்டாரு.”

எதிர்த்தரப்பு அந்தப் பதிலைத் தாண்டிப் போகவே விரும்பியது. ஆனால் நீதிபதி எழுதிக்கொண்டார். தோட்டத்தில்கூட ஏறலாமா வேண்டாமா என்று பார்க்கத் தரையில் ஒருவர் நின்றார் என்பதை அந்தப் பதில் பதிவு செய்துவிட்டது.

“பிடிக்க ஆள் வரும்வரை ஏன் காத்திருக்கவில்லை?”

“ஆரம்பிங்கன்னு சொன்னாங்க. நான் சும்மா நிக்கிறத பாத்தா நாளைக்கு வேற ஆள கூப்பிட்டுக்குவாங்க.”

உரிமையாளரை நான் விசாரித்தபோது ஏணியின் ரப்பரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். நீண்ட கழியில் தூரிகையும் தண்ணீர்க் குழாயும் பொருத்தித் தரையில் நின்றபடியே மாடிக் கண்ணாடியைக் கழுவும் கருவி உண்டு, தெரியுமா? தெரியாது. கால்வாயின் மேல் பலகை போட்டுச் சாரம் கட்டியிருக்கலாமே? ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு செலவா என்றார். அவர் கெட்டவர் அல்லர். ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கொண்டுபோனவரும் அவர்தான். யோசிக்க வேண்டிய பொறுப்பு தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வழக்கின் முழு வேதனையும் அந்த ஒன்றில் அடங்கியிருந்தது.

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு உயர வேலை விதிமுறைகள் இந்த யோசனைக்கு ஒரு வரிசை கொடுத்திருக்கின்றன. உயரத்துக்குப் போகாமலே வேலையை முடிக்க முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாதென்றால் விழாமல் தடுக்க என்ன வழி? அதுவும் முழுமையாக முடியாதென்றால், விழுந்தாலும் அடி குறைய என்ன வழி? ஏணியை அந்த விதிகள் தடை செய்யவில்லை. ஆபத்துக் குறைந்த, சிறிது நேர வேலைக்கு, அதைவிடப் பாதுகாப்பான கருவியைக் கொண்டுவருவது நியாயமில்லாதபோது ஏணி போதும் என்கின்றன. எங்கள் வழக்கில் முதல் கேள்வியே கேட்கப்படவில்லை. இங்கிலாந்து விதி நம்மைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லியே நான் அதை முன்வைத்தேன். அந்த வரிசையில் ஆங்கிலேயருக்கு மட்டும் புரியக்கூடியது எதுவும் இல்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஏணியைக் கொடுத்து, துணையாளை விலக்கி, தொடங்கச் சொன்னதால் உரிமையாளருக்குக் கவனக் கடமை உண்டு, அதை மீறினார். அனுபவம் உள்ளவர் என்பது அந்தக் கடமையைக் குறைக்காது. வார்டில் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆனால் ஆள் வருமுன் ஏறியதற்காக ஐந்தில் ஒரு பங்குப் பொறுப்பு வாதிமேலும் உண்டு என்று இழப்பீட்டைக் குறைத்தார் நீதிபதி. அந்தக் குறைப்பு நியாயமென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. காத்திருந்தால் வேலை போகும் என்று பயப்படுபவனின் விருப்பத்தை முழு விருப்பமாகச் சட்டம் எண்ணக்கூடாது. மேல்முறையீட்டுக்குக் கட்சிக்காரர் சம்மதிக்கவில்லை. போதும் சார் என்றார்.

வருங்கால வருமான இழப்பைக் கணக்கிட்ட விதத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு, 31 வயதிலிருந்து 54 வரையுள்ளவருக்கு, 55-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்கச் சொன்னது. 47 வயதுக்காரருக்கு வருவது 4. மாதம் 1,200 என்றால் ஆண்டுக்கு 14,400. நான்கு ஆண்டுக்கு 57,600 வெள்ளி. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அறுபது வயதுவரை உழைக்கக்கூடிய ஒருவரின் உழைப்பு நான்கு ஆண்டாகச் சுருங்கியது. 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் 55-ஐ 60 ஆக்கியது. இன்று அதே மனிதருக்கு ஆறரை ஆண்டு, அதாவது 93,600 வெள்ளி கிடைக்கும். சில ஆண்டுகள் தள்ளி விழுந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதே கொடுமை.

அதைவிடப் பெரிய மாற்றம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தொழிற்சாலைச் சட்டம் ரத்தாகி, 1994ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர், ராணுவம், கப்பல் வேலை போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடத்துக்கும் விரிந்தது. பொதுக் கடமையை மீறும் முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 வெள்ளியாக இருந்தது; இப்போது 500,000. ஆபத்து மதிப்பீடு செய்வது கட்டாயம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். குத்தகைக்கு வேலை கொடுத்து அதை வழிநடத்துபவருக்கும், குத்தகையாளர் மீதும் அவருடைய ஆட்கள் மீதும் தனிக் கடமை உண்டு என்று 18ஏ பிரிவு சொல்கிறது. நாங்கள் வாதாடி வாதாடி நிறுவ வேண்டியிருந்ததில் பெரும்பகுதி இன்று சட்டத்திலேயே அச்சாகியிருக்கிறது. 26ஏ பிரிவு தொழிலாளிக்கும் ஒன்று தந்திருக்கிறது: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காகத் தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது.

குத்தகை வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு நான் சொல்வது சில. சொக்சோவில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். ஏணியை, அதன் அடியை, தரையை, சுவரை அன்றே படமெடுங்கள். பக்கத்தில் அளவு தெரியும்படி ஏதாவது ஒன்றை வையுங்கள். ஆஸ்பத்திரியில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம். ஆனால் அரசாங்கத்தின் மீது என்றால் 36 மாதம்தான். அரசுப் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் துப்புரவு செய்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் வைத்திருப்பவர்களுக்கும் குத்தகை எடுப்பவர்களுக்கும் ஒன்று. நம்மில் பலர் இப்போது அந்தப் பக்கமும் இருக்கிறோம். கடை வைத்திருக்கிறோம், கோயில் நிர்வாகத்தில் இருக்கிறோம், திருவிழாவுக்கு முன் கோபுரத்தையும் கண்ணாடியையும் கழுவ ஆள் கூப்பிடுகிறோம். ஆள் ஏறுமுன் நீங்கள் கீழே நின்று பாருங்கள். ஏறாமல் முடியுமா? இந்த ஏணி இந்தச் சுவருக்கு ஏற்றதா? அடியில் ரப்பர் இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா? பிடிக்க ஒருவர், வேலை முடியும்வரை அங்கேயே நிற்பாரா? நான்கு கேள்விக்கும் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது இந்த நான்கில் எதற்கும் பதில் ஆகாது. ஏற மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அடுத்த நாளும் வேலைக்குக் கூப்பிடுங்கள். சட்டம் எழுதிய அந்த உரிமை நிஜமாவது உங்கள் கையில்தான் இருக்கிறது.